தளர்ந்த இருதயமும் தார்க்குச்சியும்



ஒரு மருந்தானது, "இந்த வியாதிக்காரனுக்கு இதைக் கொடுத்தால் செத்துப்போவான்" என்று 20 வருஷங்களுக்கு மேலாக டாக்டர்களால் விலக்கி வைக்கப்பட்டிருந்தது. அதே மருந்து இன்று, அதே வியாதிக்காரனுக்கு, "இதைக் கொடுக்காவிட்டால் செத்துப்போவான்" என்று டாக்டர்களாலேயே கொடுக்கப்பட்டு வருகின்றது. இது கட்டுக்கதையல்ல, வைத்திய உலகத்தில் நம் காலத்தில் நடந்த காரியமேயாகும். இப்படித் தலைகீழாய் மாறியதற்குக் காரணம் என்ன என்பதையும், அதிலிருந்து மாத்திரை சாப்பிடுகிற நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன என்பதையுமே இவ்வாரம் எழுத விரும்புகின்றோம். வைத்திய விஷயம் டாக்டர்களுக்கல்லவா, நமக்கெதற்கு என்று யாரும் பக்கத்தைத் தள்ளிவிட வேண்டாம். மாத்திரையை எழுதுகிறவர் டாக்டராயினும், அதை விழுங்குகிறவர்கள் நாம். அதனால் பிழைக்கிறவர்களும், அதைப் பாதியில் விட்டுச் சாகிறவர்களும் நம்மவர்களேயாவார்கள்.

முதலில் வியாதி இன்னதென்று பார்ப்போம். இருதயத் தளர்ச்சி என்பது மாரடைப்பு அல்ல. ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் இதை "இதயச் செயலிழப்பு" என்று எழுதுகிறார்கள். அதைப் பார்த்து இருதயம் நின்றுவிட்டதாக நினைத்து நடுங்குகிறவர்கள் பலர். அப்படியல்ல, இருதயம் வேலை செய்துகொண்டுதானிருக்கிறது, ஆனால் உடம்பு கேட்கிற அளவுக்கு இரத்தத்தைத் தள்ளும் சக்தி அதற்குப் போதவில்லை என்பதே அதன் பொருளாகும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, காலில் நீர் கோத்து வீங்குவது, ஓயாத அசதி ஆகியவை இதன் அடையாளங்கள். நல்ல இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னுள் இருக்கும் இரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியே தள்ளும். இந்த அளவு நூற்றுக்கு 40 அல்லது அதற்கும் கீழே போய்விட்ட இருதயத்தைப் பற்றியே நாம் இங்கு பேசுகிறோம்.

இருதயம் தளர்ந்தவுடன் உடம்பு என்ன செய்கிறதென்றால், அட்ரினலின், நோரட்ரினலின் என்னும் சுரப்புகளை அதிகமாய் இரத்தத்தில் கலந்து, இருதயத்தை "ஓடு, ஓடு" என்று விரட்டுகின்றது. பாரம் தாங்காமல் நுரை தள்ளும் மாட்டை வண்டிக்காரன் தார்க்குச்சியால் குத்துவது போன்றதே இக்காரியம். குத்தினவுடன் மாடு நாலடி பாய்ந்து போவது மெய்தான். ஆனால் அந்த மாடு ஊர் போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி.

1964-ம் வருஷத்தில் ப்ரோப்ரனோலால் என்ற மருந்து வந்தது. அதைக் கண்டவர் ஜேம்ஸ் பிளாக் என்னும் ஸ்காத்லாந்துக்காரர். 1988-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் இவரும் ஒருவர். இருதயத்தின் அணுக்களில் அட்ரினலின் வந்து திறக்கிற பூட்டு ஒன்று உண்டு என்றும், அதற்கு பீட்டா என்று பெயரென்றும், அந்தப் பூட்டின் துவாரத்தை முன்கூட்டியே அடைத்துவிட்டால் அட்ரினலினுடைய விரட்டல் செல்லாது என்றும் கருதி அவர் செய்த மருந்து அது. பீட்டா பிளாக்கர் என்ற பெயரும் இப்படி வந்ததேயாகும். அது மார்வலிக்கும் இரத்தக் கொதிப்புக்கும் நன்றாய்ப் பயன்பட்டது. ஆனால் இருதயம் தளர்ந்தவர்களுக்கு மாத்திரம் அது கூடவே கூடாது என்று டாக்டர்கள் தீர்மானித்தார்கள். அவர்கள் சொன்ன காரணம் யாருக்கும் சரியென்றே படும். இருதயமோ பலவீனம், அதைத் தூக்கி நிறுத்துவதோ அட்ரினலின், அதையும் தடுத்துவிட்டால் இருதயம் படுத்துவிடாதா என்றார்கள். பாடப் புஸ்தகங்களிலும் அப்படியே எழுதி வைத்தார்கள்.

இந்த எண்ணத்துக்கு விரோதமாக, 1975-ல் ஸ்வீடன் தேசத்து கோத்தன்பர்க் நகரத்தில் பின் வாக்ஸ்டைன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். இருதயத் தசை கெட்டுத் தளர்ந்துபோன 7 பேருக்கு பீட்டா தடுப்பு மருந்துகளை ஜாக்கிரதையாய்க் கொடுத்துப் பார்த்ததில் அவர்கள் தேறினார்கள் என்பதே அதன் சாரம். வைத்திய உலகம் இதை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. ஏழு பேரை வைத்து என்ன தீர்மானிக்க முடியும் என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில், இன்னும் அதிகம் பேரை வைத்துச் சோதிப்பதேயல்லாமல், புஸ்தகத்தைக் காட்டி வாயை அடைப்பதல்ல என்பதே நமது அபிப்பிராயம்.

இதற்கிடையில், தளர்ந்த இருதயத்தைக் குத்தி ஓட்டும் மருந்துகளையே நம்பினவர்கள் கண்ட பலன் என்ன? ஜாமோட்டெரால் என்று ஒரு மருந்து. அது பூட்டைப் பாதி அடைத்துப் பாதி திறக்கிற ஜாதியைச் சேர்ந்தது; இருதயத்துக்குக் கொஞ்சம் உத்வேகமும் கொடுக்கும். 1990-ல் அதைச் சோதித்த முடிவு வெளிவந்தது. மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு சுமார் 4 பேர் இறந்திருக்க, ஜாமோட்டெரால் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 9 பேர் இறந்திருந்தார்கள். மில்ரினோன் என்பது இருதயத்தின் துடிப்பை வேறு வழியில் பலப்படுத்துகிற மருந்து. 1991-ல் அதன் மாத்திரையைச் சோதித்த முடிவு வந்தபோது, மரணம் நூற்றுக்கு 28 பங்கு அதிகமாயிருந்தது. தார்க்குச்சியால் மாடு பாய்ந்தது, பாய்ந்து விழுந்தது. கேட்பதற்குப் புத்திசாலித்தனமாய் இருந்த கொள்கை, கணக்குப் பார்த்ததும் சாவுக் கணக்காய் முடிந்தது.

பிறகுதான் பீட்டா தடுப்பு மருந்துகளையும் பெரிய அளவில் சோதித்தார்கள். சோதனை செய்யும் முறையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மெய்யான மாத்திரையும், மற்றொன்றுக்குப் பார்வைக்கு அதே போன்ற வெறும் மாவு மாத்திரையும் கொடுப்பார்கள். யார் எதைச் சாப்பிடுகிறார் என்பது நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. கடைசியில் கணக்குப் பார்ப்பார்கள். கைராசிக்கோ, பெரிய டாக்டர் என்ற பெயருக்கோ அங்கு இடமில்லை.

1996-ல் அமெரிக்காவில் 1,094 பேரிடத்தில் கார்வெடிலால் என்பது சோதிக்கப்பட்ட முடிவு வெளிவந்தது. மாவு மாத்திரைக்காரர்களில் நூற்றுக்கு 7.8 பேரும், மருந்து சாப்பிட்டவர்களில் 3.2 பேரும் இறந்திருந்தார்கள். 1999-ல் 2,647 பேரைக் கொண்டு பிசோப்ரோலால் சோதனை முடிந்தது. அதில் மாவுக்கு 17.3, மருந்துக்கு 11.8. அதே 1999-ல் 3,991 பேரிடத்தில் மெட்டோப்ரோலால் சக்சினேட் என்னும் மெதுவாய்க் கரையும் மாத்திரை சோதிக்கப்பட்டது. மாவுப் பிரிவில் 217 பேரும், ஏறக்குறைய அதே தொகையுள்ள மருந்துப் பிரிவில் 145 பேரும் இறந்தார்கள். பலன் இவ்வளவு தெளிவாய்த் தெரிந்த பிறகு பாதிப்பேருக்கு மாவு கொடுத்துக்கொண்டிருப்பது அக்கிரமம் என்று கருதி, 1999-ம் வருஷத்துச் சோதனைகள் இரண்டையும் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். 2001-ல், வியாதி முற்றினவர்களாகிய 2,289 பேரிடத்தில் கார்வெடிலால் சோதிக்கப்பட்டதிலும், மாவுக்கு 190 சாவு என்றால் மருந்துக்கு 130 சாவுதான். "கொடுத்தால் செத்துப்போவான்" என்று சொல்லப்பட்டவர்களே பிழைத்தார்கள்.

ஆகவே நாம் சொல்லுவது என்னவென்றால், நம்பிக்கையால் வருவது மாத்திரமல்ல மூடத்தனம். யோசனைக்குப் பொருந்துகிறது என்பதற்காக ஒன்றைச் சோதிக்காமலே மெய்யென்று கொள்ளுவதும் மூடத்தனமே. புத்தி கேள்வியைக் கேட்க வேண்டும். பதிலைச் சோதனை சொல்ல வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் பகுத்தறிவு என்ற பெயருக்கு யோக்கியதை உண்டு.

நிற்க, இதிலிருந்து "பீட்டா தடுப்பு என்று பெயருள்ள எல்லா மருந்தும் இருதயத் தளர்ச்சிக்கு நல்லது" என்று யாராவது முடிவு செய்தால் அது முதல் தவறைவிடப் பெரிய தவறாகும். பிறந்த குடும்பத்தைப் பார்த்து யோக்கியதை கட்டுவது மனிதரிடத்தில் எவ்வளவு தப்போ, மருந்திடத்திலும் அவ்வளவு தப்பு. அதே குடும்பத்தைச் சேர்ந்த ப்யூசிண்டோலால் என்பதை 2,708 பேரிடத்தில் சோதித்து, 2001-ல் முடிவு வெளியிட்டார்கள். சாவைக் குறைத்தது என்று சொல்லும்படியான ருஜு அதில் கிடைக்கவில்லை. நெபிவோலால் என்பது 70 வயதும் அதற்கு மேலும் ஆன 2,128 பேரிடத்தில் சோதிக்கப்பட்டு, 2005-ல் முடிவு வந்தது. சாவையும் இருதய சம்பந்தமாய் ஆஸ்பத்திரியில் சேருவதையும் ஒன்றாய்ச் சேர்த்துப் பார்த்தால் குறைவு உண்டு. சாவை மாத்திரம் தனியே பார்த்தால் நிச்சயமாய்ச் சொல்லத்தக்க குறைவு இல்லை. இரத்தக் கொதிப்புக்காக ஊர் பூராவும் சாப்பிடப்படுகிற அட்டெனோலாலுக்கு, இருதயத் தளர்ச்சியில் உயிர் காக்கும் என்பதற்கு இவை போன்ற பெரிய சோதனையின் அத்தாட்சி கிடையாது.

அதிலும் ஒரு வேடிக்கை, ஒரே பெயரிலேயே இரண்டு மருந்து இருப்பதாகும். மெட்டோப்ரோலால் சக்சினேட் என்பது ஒன்று. மெட்டோப்ரோலால் டார்ட்ரேட் என்பது மற்றொன்று. முன்னது மெதுவாய்க் கரைந்து நாள் முழுதும் வேலை செய்வது; பின்னது சீக்கிரம் கரைந்து சீக்கிரம் தீர்ந்துபோவது. 2003-ல் டார்ட்ரேட்டையும் கார்வெடிலாலையும் 3,029 பேரிடத்தில் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த முடிவு வந்தது. சுமார் 5 வருஷ காலத்தில் கார்வெடிலால் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 34 பேரும், டார்ட்ரேட் சாப்பிட்டவர்களில் 40 பேரும் இறந்தார்கள். டார்ட்ரேட்டின் அளவு போதாது என்று அச்சோதனையைக் குறை கூறினவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும், உயிர் காத்ததாக ருஜுவானது சக்சினேட் என்பதை மறக்கக்கூடாது. உறையின் மேல் எழுதியிருக்கும் அந்த இரண்டாவது வார்த்தையைப் படிக்கச் சொல்லுவது அதிகப்பிரசங்கித்தனமாகாது.

ஆகவே பிசோப்ரோலால், கார்வெடிலால், மெட்டோப்ரோலால் சக்சினேட் ஆகிய மூன்றே சாவைக் குறைத்ததாகத் தெளிவாய் ருஜுவானவை. இம்மூன்றில் இதுதான் சிரேஷ்டம் என்று தீர்ப்புச் சொல்ல ஆதாரமில்லை. எது யாருக்கு ஒத்துப்போகும் என்பதில்தான் வித்தியாசம். கார்வெடிலால் இரத்தக் குழாய்களையும் தளர்த்துகிறபடியால் இரத்த அழுத்தத்தை அதிகம் இறக்கும். படுக்கையை விட்டுத் திடீரென்று எழுந்தால் கண் இருட்டும். ஆகையால் அதை ஆகாரத்துடன் சாப்பிடச் சொல்லுகிறார்கள். மற்ற இரண்டும் பெரும்பாலும் இருதயத்தோடு நின்றுகொள்வதால் மூச்சுக் குழாய்க்குத் தொந்தரவு குறைவு. 2011-ல் வெளிவந்த ஐரோப்பியச் சோதனை ஒன்றில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் பிசோப்ரோலாலையும் கார்வெடிலாலையும் ஒப்பிட்டார்கள். நாடி மிகவும் குறைந்து போனது பிசோப்ரோலாலில் நூற்றுக்கு 16 பேருக்கு, கார்வெடிலாலில் 11 பேருக்கு. மூச்சு சம்பந்தமான தொந்தரவு கார்வெடிலாலில் 10 பேருக்கு, பிசோப்ரோலாலில் 4 பேருக்கு. மொத்தத்தில் தாங்கிக்கொண்டவர்களின் தொகை இரண்டிலும் ஒன்றே. ஆகவே இரத்த அழுத்தம் குறைவாயுள்ளவரும், பீடி சிகரெட்டால் மார்பு கெட்டவரும், நாடி ஏற்கெனவே மெதுவாயுள்ளவரும் ஒரே மாத்திரையைச் சாப்பிட வேண்டிய அவசியமில்லை.

இனி, ஜனங்களை ஓட்டமெடுக்கச் செய்கிற பக்க விளைவுகளைப் பற்றிக் கவனிப்போம். அசதி, கிறுகிறுப்பு, கை கால் ஜில்லிடுதல், தூக்கமின்மை, மனச் சோர்வு, ஆண்மைக் குறைவு என்று ஒரு நீண்ட ஜாபிதா உண்டு. மாத்திரை துவங்கின முதல் சில வாரங்களில் உடம்பு அசந்துவிடுவதும், சிலருக்கு நீர் கோத்து மூச்சு சற்று அதிகமாய் வாங்குவதும் மெய்யே. தார்க்குச்சியின் பலத்தில் ஓடிக்கொண்டிருந்த மாட்டிடம் குச்சியைப் பிடுங்கினால் அது முதலில் நடை தளரத்தான் செய்யும். உடனே நமது ஆள், "இந்த மாத்திரைதான் என்னைக் கொல்லுகிறது" என்று சொல்லி அதைப் பரணில் போட்டுவிடுகிறார். யாரிடமும் சொல்லுவதில்லை. இருதயம் தேறி வருவதற்கு மாதக்கணக்காகும். அவர் பார்த்ததோ 10 நாள்.

ஆனால் ஜாபிதாவிலுள்ளதெல்லாம் மாத்திரையின் குற்றந்தானா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். 2013-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், இருதயத் தளர்ச்சிக்காக பீட்டா தடுப்பு மருந்துகளைச் சோதித்த கணக்குகளையெல்லாம் திரட்டி, மாவு மாத்திரைக்காரர்கள் சொன்ன தொந்தரவுகளோடு ஒப்பிட்டார்கள். வழக்கமாய்ச் சொல்லப்படுகிற 33 தொந்தரவுகளில் 28, மாவு மாத்திரைக்காரர்களைவிட மருந்து சாப்பிட்டவர்களுக்கு அதிகமாய் வந்ததாக ருஜுவாகவில்லை. மருந்து சாப்பிட்டுக் கிறுகிறுப்பு வந்தவர்கள் 100 பேர் என்றால், அவர்களில் 81 பேருக்கு மாவு மாத்திரை சாப்பிட்டிருந்தாலும் அது வந்தேயிருக்கும் என்று கணக்குக் கூறுகிறது. ஏனெனில் கிறுகிறுப்பும் அசதியும் வியாதிக்கே உரியவை. அதற்கு மாறாக, நாடி குறைந்துபோன 100 பேரில் மாவிலும் அப்படியே ஆகியிருக்கக்கூடியவர்கள் 33 பேர்தான். ஆகவே நாடி குறைவது பெரும்பாலும் மருந்தின் வேலையே என்பது தெரிகிறது.

இன்னொன்றைக் கேளுங்கள். 2003-ல் இத்தாலி தேசத்தார் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இருதயத் தளர்ச்சிக்காரர்களிடம் செய்ததல்லவென்றாலும், இந்தக் குடும்பத்து மருந்தாகிய அட்டெனோலாலைக் கொண்டே செய்தது. இருதய சம்பந்தமான வியாதி புதிதாய்க் கண்டுபிடிக்கப்பட்ட 96 ஆண்களை மூன்று கூட்டமாக்கினார்கள். மூன்று கூட்டத்துக்கும் மருந்து ஒன்றே. முதல் கூட்டத்துக்கு மருந்தின் பெயரைச் சொல்லவில்லை. இரண்டாவதற்குப் பெயரை மாத்திரம் சொன்னார்கள். மூன்றாவதற்குப் பெயரையும் சொல்லி, ஆண்மைக் குறைவு வரக்கூடும் என்பதையும் சொன்னார்கள். ஆண்மை குறைந்துவிட்டது என்று முறையிட்டவர்கள் முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 3 பேர். இரண்டாவதில் 16 பேர். மூன்றாவதில் 31 பேர். மருந்து மாறவில்லை; காதில் விழுந்த வார்த்தைதான் மாறிற்று. பேய் இல்லை, பிசாசு இல்லை என்று மேடையில் பேசுகிற தோழரே, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தைப் படித்துவிட்டுப் பேயறைந்தவர் போலாவதை என்னவென்று சொல்லுவது?

இதனால் தொந்தரவு யாவும் மனப்பிராந்தி என்று நாம் சொல்லுவதாக யாரும் அர்த்தம் செய்துகொள்ளக்கூடாது. அப்படிச் சொல்லி நோயாளியை அதட்டுகிற டாக்டரும் சோதிக்காமல் பேசுகிறவரே. நாடி நிமிஷத்துக்கு 50-க்குக் கீழே போய் மயக்கமும் வந்தால் அது மெய்யான ஆபத்து. ஆஸ்துமா உள்ளவருக்கு இம்மருந்தால் மூச்சுக் குழாய் சுருங்கக்கூடும். அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ போடுகிறவருக்குச் சர்க்கரை அளவு மிகவும் இறங்கிவிட்டால், வழக்கமாய் எச்சரிக்கும் படபடப்பும் நடுக்கமும் இம்மருந்தினால் தெரியாமல் மறைந்துபோகலாம். வியர்வை மாத்திரம் காட்டிக்கொடுக்கும். மூன்று நாளில் உடம்பின் எடை 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதையல்ல, நீர். உடனே டாக்டரிடம் போக வேண்டும். இவற்றில் எதற்கும் நாமாகவே மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது பரிகாரமாகாது. இத்தனை நாள் தடுக்கப்பட்டிருந்த விரட்டல் ஒரேயடியாய்ப் பாய்ந்து இருதயத்தைத் தாக்கும். அளவைக் குறைப்பதோ, வேறொன்றுக்கு மாற்றுவதோ, நிறுத்துவதோ டாக்டர் பார்த்துச் செய்ய வேண்டிய காரியமாகும்.

டாக்டர்களிடமும் நமக்கு ஒரு வார்த்தை உண்டு. பிசோப்ரோலாலை 1.25 மில்லி கிராமில் துவங்கி 10 வரையிலும், கார்வெடிலாலை வேளைக்கு 3.125-ல் துவங்கி, தினம் இரு வேளையாக, வேளைக்கு 25 வரையிலும், மெட்டோப்ரோலால் சக்சினேட்டை 12.5 அல்லது 25-ல் துவங்கி 200 வரையிலும், இரண்டு வாரத்துக்குக் குறையாத இடைவெளி விட்டு, நோயாளி தாங்குகிற மட்டும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்பதே சோதனைகள் காட்டிய வழி. துவக்க அளவை எழுதிக்கொடுத்து, வருஷக்கணக்கில் அதையே திரும்பத் திரும்ப எழுதிவருவது வண்டியில் ஏற்றிவிட்டுப் பாதி வழியில் இறக்கிவிடுவதற்குச் சமானமாகும். அதுபோலவே இருதயம் தள்ளும் அளவு சரியாயிருந்தும் விறைத்துப்போனதால் மூச்சு வாங்குகிறவர்களுக்கு, மேலே சொன்ன ருஜு எதுவும் பொருந்தாது. அவர்களுக்கும் இதையே கண்ணை மூடிக்கொண்டு எழுதுவது பழக்கமேயொழிய அறிவல்ல.

ஆகையால் தோழர்களே, டாக்டரிடம் போனால் நான்கு கேள்வி கேளுங்கள். என் இருதயம் தள்ளும் அளவு நூற்றுக்கு எவ்வளவு? எனக்குக் கொடுத்திருப்பது அந்த மூன்றில் ஒன்றா? அளவை இன்னும் ஏற்ற இடமுண்டா? எந்த அடையாளம் கண்டால் உங்களிடம் ஓடிவர வேண்டும்? நல்ல டாக்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டாலும் பாதகமில்லை, அவர் கோபம் ஒரு நாளில் தீரும், உயிர் போனால் திரும்பாது.

இந்த மாத்திரைகளில் மந்திரமில்லை. இருதயத் தளர்ச்சிக்கு இன்று கொடுக்கப்படுகிற நாலு வகை மருந்துகளில் இது ஒரு வகை. மற்றவற்றோடு சேர்ந்தே வேலை செய்யும். ஆனால் இதன் சரித்திரத்தில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. "கூடாது" என்று சொன்னவர்களும் படித்தவர்கள். "கூடும்" என்று காட்டினவர்களும் படித்தவர்கள். வித்தியாசம் படிப்பிலில்லை, எண்ணிப் பார்த்ததிலிருந்தது. ஏழு பேரில் துவங்கி ஆயிரக்கணக்கானவர்களை எண்ணிப் பார்த்து நிலைநாட்டின ஒரு உண்மையை, பத்து நாள் அசதிக்குப் பயந்து பரணில் எறிந்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.